பலகை வீட்டில் ஓர் ஓட்டை

தரையைப் பற்றி இந்த வயதில் நமக்கு இருப்பது ஒரே கவலைதான்: வழுக்கக் கூடாது. மகன் வீட்டுக் குளியலறையில் ரப்பர் விரிப்பு, மகள் வீட்டு வாசலில் கைப்பிடிக் கம்பி என்று நம் பிள்ளைகள் நமக்காகத் தரையோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் மருமகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து கால வைங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தடவை நான் பார்க்காமல் கால் வைத்ததில் ஒரு குடும்பமே மூன்று வாரம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தது. அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை. மலைக் குளிரும் தெரியாது, துரைமாரும் தெரியாது. உங்களுக்கு இரண்டும் தெரியும், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்பா தோட்டத்து டிஸ்பென்சர். ஜனங்களுக்கு டாக்டரையா. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் இரண்டு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடம் ஆகியிருந்தும் அது மலையேறி எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வெள்ளைக்காரர்தான். உத்தியோகத்தர் வீடுகளெல்லாம் சிமிட்டித் தரை. எங்கள் வீடு மட்டும் பலகைத் தரை. அது முதலில் சின்ன துரைமாருக்காகக் கட்டிய பழைய பங்களா. இப்போதைய பெரிய துரையே இளவட்டமாகச் சின்ன துரை வேலைக்கு வந்தபோது அதில்தான் குடியிருந்தாராம். பிறகு சின்ன துரைக்குக் கல்லில் புது பங்களா எழும்பியது. பழையது ஒரு வருடம் பூட்டிக் கிடந்து, அப்பாவுக்கு வந்தது. தோட்டத்தில் அதற்குப் பெயரே பலகை வீடு.

கூடம் முழுக்க ஒரு சாண் அகலப் பலகைகள், சுவரிலிருந்து சுவருக்கு. ஒரு மூலையில் கணப்படுப்பு. பலகைக்குக் கீழே வெற்றிடம், சுற்றிலும் கருங்கல் கட்டு, காற்றுக்கு ஒரு இரும்புச் சல்லடை. ஆடி மாதத்து மழையில் இடுக்குகளின் வழியே அட்டை ஏறி வரும். சுண்ணாம்பும் சவர்க்காரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆனாலும் அந்தத் தரையின் சூடு வேறு எதற்கும் கிடையாது. யார் வருகிறார்கள் என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அப்பா நடந்தால் மூன்றாவது பலகை இருமும்.

அம்மாவுக்கு அந்தத் தரைதான் மூத்த பிள்ளை. நான் அடுத்தது. சனிக்கிழமை வந்தால் தேன்மெழுகை மண்ணெண்ணெயில் உருக்கி, சிவப்புச் சாயம் கலந்து பூசுவாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதி வெட்டிய தேங்காய் மட்டையை ஒரு காலடியில் போட்டுத் தேய்த்தபடி கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவாள். பார்ப்பதற்கு அம்மா ஆடுவதுபோல இருக்கும். அந்தத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் பலகைக்குச் சளி பிடிக்கும் என்பாள். டிஸ்பென்சர் பெண்சாதி அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு வியாதி வைத்திருப்பாள்.

அந்தத் தரைமேல் கண்ணாக இருந்தவர் டீமேக்கரம்மா, அதாவது இஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இலை பதம்பார்த்து வறுக்க வைக்கும் டீமேக்கரின் மனைவி. அவர்கள் வீடு இஸ்டோருக்கு ஒட்டினாற்போல. பகலெல்லாம் இயந்திரச் சத்தம், காலடியில் ஐஸ் மாதிரி சிமிட்டி. அவருக்கு முழங்கால் வாதம். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணப்படுப்புப் பக்கம் போய், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "ஒங்க வீட்டுல நின்னாலே காலு கொணமாயிருதுங்க டாக்டரம்மா" என்பார். அவர் போன பிறகு அம்மா அந்த இடத்தில் மிளகாய் சுற்றிப் போடுவாள். டீமேக்கர் அப்பாவைவிட நெடுநாள் வேலை பார்த்தவர். இந்த வீட்டைத் தமக்குத் தரும்படி அவர் பெரிய துரையிடம் கேட்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஹட்டனில் கறுப்புச் சப்பாத்து வாங்கினார்கள். வார் வைத்தது, குதி உயர்ந்தது. ஜனவரியில் கான்வென்டில் சேர்க்கும்போது போடுவதற்கு. அதுவரை தொடக் கூடாது என்று அம்மா பெட்டியோடு அலுமாரி மேல் வைத்தாள். எனக்கு ஒன்பது வயது. ஜனவரி எங்கே இருக்கிறதென்றே தெரியாத வயது. ஒரு மத்தியானம் அம்மா கொல்லையில் இருந்த நேரம் பார்த்து, சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். பலகையில் டக் டக்கென்று அந்தக் குதிச் சத்தம், சத்தியமாகத் துரைசாணி நடப்பதுபோலவே இருந்தது. நடந்தது போதாமல், பலகைக் கோடுகளைக் கட்டமாக வைத்து நொண்டியடித்தேன். கணப்படுப்புக்கு முன்னால் இருந்த பலகையில் குதித்தபோது கால் உள்ளே போய்விட்டது.

புகைக்கூண்டு வழியாக மழை இறங்கி அந்தப் பலகையின் ஒரு முனை உளுத்துப்போயிருந்தது. காலை இழுத்தேன். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். விரல்நுனியில் ஏதோ ஒன்று பட்டது. உருண்டையாக, வழவழவென்று, சில்லென்று. பாம்பு என்று முடிவு செய்து கையைப் பிடுங்கிக்கொண்டேன். மிஞ்சிய ஒற்றைச் சப்பாத்தைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு சப்பாத்தின் கனத்துக்குக் கொண்டுவந்தேன். ஓட்டைமேல் பாயை இழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த மூளை பிறகு எந்தப் பரீட்சையிலும் வேலை செய்ததில்லை.

மறுநாள் கரிச் சட்டியோடு வந்த அம்மா பாய்மேல் கால் வைத்தாள். அவள் போட்ட சத்தத்தில் அப்பா மருந்துச்சாலையிலிருந்து ஓடிவந்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பழியெல்லாம் மழைமேல் விழுந்தது. நானும் மழையைத் திட்டினேன்.

விஷயம் ஓட்டை மட்டுமல்ல. வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் பெரிய துரை உத்தியோகத்தர் வீடுகளைப் பார்வையிட வருவார். வீட்டைக் கெடுத்தவர்களுக்கு அந்த வீடு இல்லை. முந்திய வருடம் ஒரு சின்னக் கிளாக்கர் கூடத்தில் அடுப்பு மூட்டிச் சுவரைக் கரியாக்கியதற்காக, அவரைக் குடும்பத்தோடு இஸ்டோருக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்கு அனுப்பியிருந்தார்கள். துரை வர இன்னும் மூன்று வாரம். ஓட்டையைக் கண்டால் வீடு போகும். போவது டீமேக்கரம்மாவுக்குப் போகும். முதலாவதையாவது அம்மா தாங்கியிருப்பாள்.

ஆபீசுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதியிருந்தால் மரமும் ஆளும் வந்திருக்கும். அதை அப்பா யோசித்தார். "எழுதுனா, எப்புடி ஒடஞ்சுச்சுன்னு கேப்பாங்க" என்றார். யாருக்கும் தெரியாமல் நாங்களே சரிசெய்வது என்று முடிவானது.

முதல் வைத்தியம் அப்பாவுடையது. மருந்துச்சாலையில் பஞ்சு போட்டு வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். புதுப் பெட்டிப் பலகை கேட்டால் டீமேக்கரிடம்தான் கேட்க வேண்டும், அது நடக்காத காரியம். அப்பா காயம் தைப்பதில் கெட்டிக்காரர். தரையையும் அப்படித்தான் நினைத்தார். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்; நல்லவேளை, என் கறுப்புச் சப்பாத்து இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. வெள்ளியாக ஒரு தகடு மின்னுவதாகவும், எலி வராமலிருக்க வெள்ளைக்காரன் தகரம் அடித்திருப்பான் என்றும் சொன்னார். உளுத்த விளிம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மெல்லிய பெட்டிப் பலகையை அளவாக வெட்டி வைத்து, ஊசி போடுகிறவர்போல ஒவ்வொரு ஆணியாகத் தட்டி இறக்கினார். நோயாளி அசையவில்லை.

ஆனால் பெட்டிப் பலகையில் தோட்டத்தின் பெயரும் தேயிலைத் தரமும் பெட்டி எண்ணும் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. அம்மா அதன்மேல் சிவப்பு மெழுகை மூன்று தடவை பூசினாள். பூசப் பூச எழுத்து பளிச்சென்று எழும்பியது. எங்கள் வீட்டை மொத்தமாகக் கட்டிக் கப்பலேற்றப் போவதுபோல இருந்தது. பரவாயில்லை, பாய் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, அப்பா சோதித்துப் பார்க்க அதன்மேல் ஏறி நின்றார். தேயிலை தாங்கும் பலகை டிஸ்பென்சரைத் தாங்கவில்லை. ஆணி அடித்த பக்கத்துப் பலகையின் ஓரத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. என் கால் அளவிருந்த ஓட்டை சாப்பாட்டுத் தட்டு அளவாயிற்று.

இரண்டாவதாக பாஸ் வந்தார். தோட்டத்துத் தச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம். கீழே சிங்களக் கிராமத்துக்காரர், இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தோட்டத்திலேயே வேலை. துரையின் துண்டு இல்லாமல் உத்தியோகத்தர் வீட்டில் அவர் உளி வைக்கக் கூடாது. அப்பா அவர் பிள்ளைகளின் இருமலையெல்லாம் பார்த்தவர் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயுதங்களைக் கோவாச் சாக்குக்குள் வைத்து, மேலே நாலு கோவா, அதாவது முட்டைக்கோசு, வைத்துக்கொண்டு வந்தார்.

எந்த இடம் என்று காட்டியதும் அவர் முகம் செத்துப்போயிற்று. கதவுக் கீல் ஒன்று இறங்கியிருக்கிறதே, முதலில் அதைப் பார்க்கலாமா என்றார். பார்த்தார். ஜன்னலைச் சீவினார். ஆடாத நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு இறுக்கினார். கடைசியில் வேறு ஒன்றும் மிஞ்சாமல் முட்டி போட்டு, ஓட்டைக்குள் கையைவிட்டு, உடனே எடுத்துக்கொண்டார்.

"தொஸ்தர மாத்தயா, மத்த பலகை எல்லாம் செஞ்சு தாறேன். இது மட்டும் வேணாம். கீழ ஒரு சாமான் இருக்கு, அது நம்ம சாமான் இல்ல" என்றார். அப்பா என்ன சாமான் என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுப் பார்த்தார். பாஸ் இரண்டு மொழியிலும் வாயைத் திறக்கவில்லை. அம்மா சுட்டு வைத்திருந்த ரொட்டியைத் தொடாமல் போய்விட்டார். கோவாவையும் விட்டுவிட்டுப் போனார்.

பாஸ் ரொட்டியை வேண்டாமென்று போனதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. அம்மாவுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆமா, சில்லுன்னு இருக்கு" என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். கைவிட்டுப் பார்த்தேன் என்றேன். அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முழங்கைவரை திருநீறு பூசினாள். பிறகு கணக்குப் போட ஆரம்பித்தாள். அப்பா பார்த்தது தகடு. தகடு என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும். டீமேக்கரம்மா வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற இடம் அதே இடம். அவர் உதடுகூட அசையும் என்று இப்போது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"செய்வினைங்க" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். விஞ்ஞானம் படித்தவர் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தார். ஆனால் அன்று முதல் அவரும் மூன்றாவது பலகையோடு திரும்பிவிடுவார், கணப்படுப்புப் பக்கம் போக மாட்டார்.

மூன்றாவது வைத்தியம் மாரியம்மன் கோயில் பூசாரியுடையது. அப்பா மருந்துச்சாலையில் இருந்த நேரமாக, ஒரு புதன்கிழமை முற்பகலில் வந்தார். தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவி நாலு மூலையிலும் வைத்தார். தட்டில் சூடம் ஏற்றுங்கள் என்று அம்மா தட்டை நீட்டினாள். நடுவில் தட்டு இருந்தால் தகட்டுக்கு உறைக்காது என்று சொல்லிவிட்டு, ஓட்டையின் விளிம்பில் பலகைமேலேயே ஒரு கைப்பிடிச் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். எங்கள் அம்மா பத்து வருடமாக வாராவாரம் மெழுகும் மண்ணெண்ணெயும் ஊட்டி வளர்த்த பலகை. சூடம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. நீல நெருப்பு பலகைக் கோடு பிடித்துப் பூசாரியின் கால்வரை ஓடியது. பூசாரி மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறினார். நான் தண்ணிக் குடத்தைத் தூக்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா குடத்தை வாங்கிக்கொண்டு நின்றாள். பலகை எரிகிறது, பூசாரி கத்துகிறார், அம்மா ஊற்றாமல் நிற்கிறாள். தண்ணியா, நெருப்பா, பலகைக்கு எது கெடுதல் குறைவு என்று அவள் மனதுக்குள் வழக்காடியதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

புகை அடங்கியபோது ஓட்டை சுளகு அளவு இருந்தது, சுற்றிலும் கரிக் கரை. கெட்டது எரிந்து வெளியேறிவிட்டது என்று பூசாரி சொன்னார். ஆனால் நாற்பத்தெட்டு நாளைக்கு யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. மஞ்சள் துணி ஒன்றை ஓட்டைமேல் போட்டுவிட்டு, தேங்காயை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் வந்த அப்பா மூன்றாவது பலகையில் நின்றபடியே பார்த்தார். நாற்பத்தெட்டு நாள் கெடுவை அம்மா சொன்னதும், தமக்கு எட்டிப் பார்க்க நேரமில்லை என்றார். எனக்கோ அந்தத் துணிக்கடியில் என் சப்பாத்து கிடந்தது. ஜனவரிக்கு நாற்பத்தெட்டு நாள் இல்லை.

துரை வருகிற செவ்வாய்க்கிழமை வந்தது. மஞ்சள் துணிமேல் பாய். பாய்மேல், சுற்றியிருந்த நல்ல பலகைகளில் கால் ஊன்றும்படி, ஒரு மேசை. மேசைமேல் பித்தளைப் பூச்சாடி, அதில் தோட்டத்திலிருந்த பூவெல்லாம். மேசைக்கு முன்னால் அப்பா, கோட்டுப் போட்டுக்கொண்டு. கருகிய வாடை தெரியாமலிருக்க அம்மா சாம்பிராணி போட்டிருந்தாள். வீடு கோயில் மாதிரி மணத்தது. நான் என்ன கேட்டாலும் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு.

துரை பாஸையும் கூட்டிக்கொண்டு வந்தார். பார்வையிடும்போது பழுதுகளை அளந்து குறிக்க பாஸ் அடிக்கோலோடு பின்னால் வருவது வழக்கம். பாஸ் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் அவரைப் பார்க்கவில்லை. துரை ஜன்னல்களைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. பூட்ஸ் சத்தத்தோடு நேராகக் கணப்படுப்புப் பக்கம் வந்து, அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பூச்சாடியைத் தாமே தூக்கி பாஸ் கையில் கொடுத்தார். மேசையை நகர்த்தினார். பூட்ஸ் நுனியால் பாயை ஒதுக்கினார்.

அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டாள். நான் இஸ்டோருக்குப் பின்னாலிருந்த அந்த ஒற்றை அறையை நினைத்தேன். அதற்கு ஜன்னல் உண்டா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இல்லை.

துரை முட்டி போட்டார். மஞ்சள் துணியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பைத் தரையோடு சாய்த்துத் தோள்வரை கையை உள்ளே விட்டார். நாற்பத்தெட்டு நாள் முடியவில்லையே என்று அம்மா முணுமுணுத்தாள். துரையின் கை எதையோ பிடித்து வெளியே வந்தது. என் சப்பாத்து.

"யாரு சப்பாத்து இது?" என்றார் துரை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். என்னுடையது என்றேன். சிரிக்கச் சொல்லியிருந்ததால் சிரித்தும் வைத்தேன். அம்மாவுக்கு அந்த நிமிஷத்தில் துரையும் மறந்துபோனார், வீடும் மறந்துபோனது. "சப்பாத்த போட்டுக்கிட்டா வீட்டுக்குள்ள ஆடுன?" என்று ஒரு சத்தம். துரையே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பிறகு மறுபடி கையை விட்டார். இந்த முறை ஒரு போத்தல் வந்தது. கனத்த கண்ணாடி, நீண்ட கழுத்து, மூடியைச் சுற்றித் துணி. நான் தொட்ட பாம்பு அதுதான். துரை அதைச் சட்டையிலேயே துடைத்தார். அந்தச் சிவந்த முகத்தில் அப்படியொரு குழந்தைச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இங்கிலீஷில் அப்பாவிடம் கடகடவென்று பேசினார். அப்பா பிறகு எங்களுக்குச் சொன்னது இது. அவர் சின்ன துரையாக இருந்த காலத்தில் இருந்த பெரிய துரை, குடி என்ற வாடையே ஆகாதவர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சின்ன துரையின் அலுமாரிகளைச் சோதிப்பாராம். அதனால் இவர் அப்போது இளைஞனாக இருந்த பாஸைப் பிடித்து, கணப்படுப்பு முன்னால் ஒரு பலகையை இடுக்கு தெரியாதபடி மூடிபோல அறுக்கச் சொல்லி, கீழே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறார். திடீரென்று வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. போத்தல் இங்கேயே நின்றுவிட்டது. பெரிய துரையாகத் திரும்பி வந்தபோது வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். உன் தரைக்கடியில் என் போத்தல் இருக்கிறதென்று டிஸ்பென்சரிடம் எந்தத் துரை கேட்பான்? வருடா வருடம் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவர், இந்த வருடம் சரியாக அதன்மேல் ஒரு மேசையும் பூச்சாடியும் நின்றதைக் கண்டதும் பொறுக்க முடியாமல் முட்டி போட்டுவிட்டார்.

ஆக அம்மாவின் தகடு, பெட்டியின் ஈயத்தாள். டீமேக்கரம்மா அங்கே நின்றது, கால் குளிருக்கு.

துரை மூடியைத் திறந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். காலையில் இஸ்டோரில் முப்பது கோப்பை தேயிலையை வாயில் விட்டுத் துப்பித் தரம் சொல்கிற மூக்கு அது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கு நுனியால் தொட்டார். கணப்படுப்புக்குள் துப்பினார். மெல்லத் திரும்பி பாஸைப் பார்த்தார்.

"பாஸ். இது நம்ம தேத்தண்ணி."

பூச்சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற பாஸ், பூக்களுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "சீத்தலய், சார்" என்றார். குளிர் என்று அர்த்தம்.

வீடு பூட்டிக் கிடந்த அந்த ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டவர் பாஸ்தான். வரும்போதெல்லாம் குளிருக்கு ஒரு மிடறு. மட்டம் இறங்கக் கூடாதே என்று அதே நிறத்தில் சாயத் தேத்தண்ணி ஒரு மிடறு. கடைசியில் போத்தலில் துரையின் சரக்கு ஒரு சொட்டும் இல்லை, தோட்டத்தின் சரக்குத்தான் இருந்தது. அந்த மூடியைத் திறந்தால் தன் குட்டும் வெளிப்படும் என்றுதான் மனிதர் ரொட்டியைக்கூட விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

துரையின் கழுத்து சிவந்தது. அடுத்து அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தோம். சிரிப்பு. பாஸைத் தண்டித்தால் எதற்கென்று எழுத வேண்டும். எழுதினால் தோட்டத்துப் பங்களாவின் தரையை அறுத்தது யார் என்பதும் வரும். அப்பாவை வீட்டை விட்டு அனுப்பினாலும் அதே கதை. ஐந்து பேர் நின்ற கூடத்தில் ஒளிக்காதவர் யாருமில்லை.

ஓட்டை ஏன் இவ்வளவு பெரிது என்று துரை கேட்டார். மழை என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அம்மா குறுக்கே விழுந்து பெட்டிப் பலகை, பாஸ், பூசாரி, சூடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தமிழில் கொட்டிவிட்டாள். துரை கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு துண்டு எழுதி அனுப்பினா பாஸ் வந்திருப்பான். ஏன் அனுப்பல?" என்றார். கேட்டவர் தம் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு அதை பாஸ் கையில் கொடுத்து, முடித்துவிடு என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் இரண்டு வரி எழுதினார். புகைக்கூண்டு ஒழுக்கால் பழுது, மூன்று பலகை மாற்றவும், குடியிருப்போர்மேல் குற்றமில்லை. வீடு எங்களுக்கே.

தேத்தண்ணியை முகர்ந்த துரை, இந்த இலை கருகிப்போயிருக்கிறது, டீமேக்கரைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னதாக அம்மா சாகும்வரை சாதித்தாள். நான் அங்கேயேதான் நின்றேன், என் காதில் விழவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் அது டீமேக்கரம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

பாஸ் துண்டோடு, பட்டப்பகலில், நல்ல மரத்தோடு வந்து ஒரு வாரம் வேலை செய்தார். கூடமெல்லாம் சீவல் சுருள், பச்சை மர வாசம். இந்தத் தடவை ரொட்டியை மிச்சம் வைக்கவில்லை. யாரும் சொல்லாமலே அந்த ஒரு பலகையை மட்டும் பழையபடி மூடிபோல அறுத்து, விரல் விட்டுத் தூக்க இரண்டு துளையும் போட்டார். என் சப்பாத்துக்குள் பல்லி முட்டை இரண்டு இருந்தன; தோல் பூஞ்சை பிடித்து வெளுத்திருந்தது. எவ்வளவு மை பூசியும் பழைய நிறம் வரவில்லை. ஜனவரியில் ஒரு கால் கறுப்பும் ஒரு கால் சாம்பலுமாகக் கான்வென்டுக்குப் போனேன். இரண்டு வருடம் எந்த வரிசையில் நின்றாலும் இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தே நின்றேன்.

சில வருடம் கழித்து அப்பாவுக்கு இறம்பொடைப் பக்கம் மாற்றம் வந்தது. பலகை வீடு கடைசியில் டீமேக்கருக்கே போனது. சாமான் ஏற்றுகிற அன்று அம்மா மனிதர்களிடம் சொல்லிக்கொண்டபோது அழவில்லை. காலியான கூடத்தில் நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பாதத்தின் அளவுக்கே தேய்ந்துபோயிருந்த இரண்டு தேங்காய் மட்டைகளையும் ஒரு உருண்டை தேன்மெழுகையும், தரை துடைத்துத் துடைத்துச் சிவந்துபோன துணியில் வைத்து, இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டாள். அந்த மூடிப் பலகையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அதை நேராக அந்த அம்மா கையில் கொடுத்தால் என்ன என்று அப்பா கேட்டார். "கையில குடுத்தா நான் எறங்கி வந்துட்டேன்னு நெனப்பாங்க. தானா கண்டெடுக்கட்டும். பலகைய பாத்துக்கிட்டா போதும்" என்றாள் அம்மா. அவள் வாழ்க்கையில் டீமேக்கரம்மாவுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் ஒளித்துத்தான் செய்தாள்.

மூன்று மாதம் போயிருக்கும். பாஸ் இருமலுக்கு மருந்து வாங்க அப்பாவைத் தேடிப் புது வீட்டுக்கு வந்தார். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே பலகை வீட்டுச் செய்தி கேட்டாள். பாஸ் தலையைச் சொறிந்தார். டீமேக்கரம்மா போன மாதம் கூடத்தைப் பெருக்கும்போது அந்த மூடியைத் தூக்கியிருக்கிறார். உள்ளே சிவப்புத் துணி, மூன்று முடிச்சு, தேங்காய் மட்டை, மெழுகு உருண்டை. அவர் போட்ட சத்தத்தில் இஸ்டோரில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்களாம். உடனே பூசாரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே பூசாரி. தட்டு வேண்டாம் என்று சொல்லிப் பலகைமேலேயே சூடம் வைத்திருக்கிறார்.

அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் மருந்துப் போத்தலைக் கீழே வைத்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மாவுக் கையோடு எழுந்து வந்து நின்றாள். யாருக்கும் காயமில்லை, நல்லவேளை நாலு குடம் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள் நோனா, வீடு தப்பியது என்றார் பாஸ்.

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"தண்ணியா ஊத்துனாங்க?" என்றாள்.